வெளிச்சம் போவதற்குள்

"இந்தப் படம் எடுக்கும்போது நீங்கள் சந்தித்த பெரிய சவால் என்ன?" என்ற கேள்வி இல்லாத இயக்குநர் பேட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். நாட்கள் போதவில்லை, பணம் போதவில்லை, மழை வந்து கெடுத்தது, ஆனாலும் மொத்த யூனிட்டும் ஒரு குடும்பம் போல நின்றது, எல்லாருக்கும் நன்றி. பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். படம் வெளியாகும் வாரத்தில், தயாரிப்பாளரும் நடிகரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படிப் பேச முடியும்? ஆனால் கேட்டு முடித்த பிறகு ஒன்றும் மனதில் தங்குவதில்லை.

எப்போதாவது ஒருவர் வேறு மாதிரி ஆரம்பிப்பார். "அன்றைக்கு நாலு மணி ஆகிவிட்டது, இன்னும் ஆறு ஷாட் பாக்கி" என்பார். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த ஆறில் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்கப் போக முடியாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் நானும் நண்பர்களும் சேர்ந்து 18 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். மூன்று நாள் படப்பிடிப்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் முக்கியமான காட்சி: வீட்டை விற்கப் போவதாக அப்பா மகளிடம் சொல்கிறார், மகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். வாசலில், இயற்கை வெளிச்சத்தில். எட்டு ஷாட்டாகப் பிரித்து வைத்திருந்தேன். மத்தியானம் எடுத்த காட்சி இழுத்துவிட்டது. கேமரா வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, ஒளிப்பதிவு செய்த நண்பர் வானத்தைப் பார்த்துவிட்டு "50 நிமிஷம் இருக்கு, அதுக்கு மேல என்னைக் கேட்காதே" என்றார். எட்டில் நாலை விட்டாக வேண்டும். பேசுவது அப்பா, வசனமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது, அதனால் அவருடைய ஷாட்களை வைத்துக்கொண்டு மகளின் குளோசப்பை விட்டேன். வைடு ஷாட்டில் அவளும் நிற்கிறாளே, போதும் என்று தோன்றியது.

எடிட்டிங்கில் உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காட்சி கேட்டுக்கொண்டு நிற்கிறவளுடையது. அவள் முகம் என்னிடம் இல்லை. நடித்த பெண் மேற்படிப்புக்கு வேறு ஊர் போய்விட்டார், முடியையும் வெட்டிக்கொண்டுவிட்டார், விட்டுப்போன ஷாட்டை மட்டும் தனியாக எடுத்துச் சேர்க்கும் பேட்ச் வொர்க்குக்கும் வழியே இல்லை. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, பார்ப்பவர்களின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அதிலிருந்து இயக்குநர்களின் பேச்சைக் கேட்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்பதைவிட, கஷ்டம் வந்த அந்த நேரத்தில் எதைக் கைவிட்டார்கள், எதைக் கைவிட மறுத்தார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் தேடுகிறேன். சில மாதங்களாக ராத்திரி வேலை முடிந்ததும் பேட்டிகள், படப்பிடிப்பு பற்றிய ஆவணப்படங்கள், இயக்குநர்களே எழுதிய நினைவுக் குறிப்புகள் என்று இதே வேலையாக இருக்கிறேன். அவற்றில் மனதில் நின்ற சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்தை எடுக்கும்போது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு வயது 27. தண்ணீர்த் தொட்டியில் எடுக்காமல் நிஜக் கடலில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். 55 நாள் போட்ட ஷெட்யூல் 159 நாள் ஆனது. இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் வேலை செய்யவில்லை. அதனால் சுறாவைக் காட்ட வேண்டிய இடங்களில் தண்ணீரின் அசைவையும், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் காட்டினார். சுறா முழுசாகக் கண்ணில் படவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. படத்தின் பயமே அந்தக் காட்டாமையில்தான் இருக்கிறது என்று பிற்பாடு எல்லாரும் எழுதினார்கள், அவரும் அதைப் பல முறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சுறா அல்ல. அவர் சொல்லும் இன்னொரு சின்ன விஷயம். நடுக்கடலில் மூன்று பேர் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கதை. கேமராவை வைத்துத் தயாரானதும், தொடுவானத்தில் ஒரு பாய்மரப் படகு வந்துவிடும். யாரோ விடுமுறைக்கு வந்தவர்கள். படகு ஃபிரேமை விட்டுப் போகும்வரை மொத்த யூனிட்டும் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெளிச்சம் மாறும், கடலின் நிறம் மாறும், முந்தின ஷாட்டோடு இது சேராது. எனக்குத் தெரிந்து சினிமாவின் நிஜமான கஷ்டம் இந்த மாதிரிதான் இருக்கிறது. பெரிய புயல் வந்தால் பேக்கப் சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தூரத்தில் மெதுவாக நகரும் ஒரு வெள்ளைப் படகை என்ன செய்வது? ஒரு படகு அங்கே இருந்தால் என்ன, அப்படியே எடுத்துவிடலாமே என்று பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்டிருப்பார். அந்தப் படகு இருந்தால் அந்த மூன்று பேரும் தனியாக இல்லை, உதவிக்குக் கூப்பிட்டால் ஆள் வரும், பயம் போய்விடும். அதனால் காத்திருந்தார்கள். சுறாவை விட்டுக்கொடுத்தவர் தொடுவானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று 27 வயதில், தலைக்கு மேல் இவ்வளவு நெருக்கடி இருக்கும்போது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு 50 நிமிட நெருக்கடியில் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய தத்துவமே கட்டிவிட்டார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டுப்பாடுதான் கலையை வளர்க்கும், இல்லாமைதான் கற்பனையைத் தூண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். வேலை செய்யாத சுறா ஒரு நல்ல படத்தைக் கொடுத்தது உண்மை. வேலை செய்யாத எத்தனையோ விஷயங்கள் எதையுமே கொடுக்காமல் படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. அந்த இயக்குநர்களை யாரும் பேட்டிக்குக் கூப்பிடுவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இயக்குநர் டெரி கில்லியமின் கதை வெளியே தெரிந்ததற்குக் காரணம், அவர் பக்கத்தில் வேறு இரண்டு பேர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஸ்பெயினில் டான் குவிக்ஸோட் கதையை வைத்து ஒரு படம் ஆரம்பிக்கிறார். முதல் நாள் தலைக்கு மேல் போர் விமானங்கள் பறந்து ஒலியைக் கெடுக்கின்றன. அடுத்த நாள் திடீர் வெள்ளம் வந்து சாமான்களை அடித்துக்கொண்டு போகிறது, அதோடு வறண்ட நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது, ஏற்கெனவே எடுத்ததோடு இனி எதுவும் ஒட்டாது. குதிரை மேல் உட்கார வேண்டிய முதன்மை நடிகர் ழான் ரோஷ்ஃபோர்ட்டுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை, உட்காரவே முடியவில்லை. படம் நின்றுபோனது. 'லாஸ்ட் இன் லா மஞ்சா' என்ற அந்த ஆவணப்படம் 2002இல் வந்தது. கில்லியம் தன் படத்தை வேறு நடிகர்களோடு எடுத்து வெளியிட்டபோது 2018 ஆகியிருந்தது. இதில் இல்லாமை எதைத் தூண்டியது? ரோஷ்ஃபோர்ட் அந்தப் பாத்திரத்துக்காகவே மாதக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர். அவர் குதிரையிலிருந்து இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க இறங்கி நடந்துபோகும் காட்சி அந்த ஆவணப்படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு கட்டுப்பாடுகளைப் புகழ்ந்து பேச எனக்கு வாய் வராது.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கிக்கும் 'ஸ்டாக்கர்' படத்தில் இதே கதிதான். பிலிம் லேபில் சரியாகக் கழுவப்படாமல், எடுத்த வெளிப்புறக் காட்சிகள் எல்லாம் வீணாகி, வேறு ஒளிப்பதிவாளரை வைத்து முதலிலிருந்து எடுத்தார். அவருடைய கடைசிப் படமான 'தி சாக்ரிஃபைஸ்'இல் ஒரு வீடு எரியும் நீளமான ஷாட் வரும். முதல் முறை எடுக்கும்போது கேமரா நின்றுபோனது, வீடு எரிந்து தீர்ந்துவிட்டது. மறுபடி அதே வீட்டைக் கட்டி மறுபடி கொளுத்தினார்கள். அந்தப் படப்பிடிப்பை அப்படியே பதிவு செய்த ஆவணப்படம் இருக்கிறது. இயக்குநராக ஆசைப்படும் யாரும் அதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது என்பேன். கேமரா நின்றது தெரிந்த பிறகு அங்கே இருக்கும் முகங்களைப் பார்க்க வேண்டும்.

சரி, பணமில்லாமல் காத்திருப்பதைப் பற்றிப் பேசினால் சத்யஜித் ரேயைத் தவிர்க்க முடியாது. அவர் தன் கஷ்டங்களைச் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் சுயபச்சாதாபம் துளியும் இல்லை, ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் ஷாட் எடுத்தது 1952 அக்டோபர் 27. படம் கல்கத்தாவில் வெளியானது 1955 ஆகஸ்ட் 26. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருடம். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் படப்பிடிப்பு. இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகை அடகுக்குப் போனது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு 21 வயது, அதற்கு முன் ஒரு படமும் எடுத்ததில்லை. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து படம் முடிந்தது.

முதல் நாள் எடுத்தது, அக்காவும் தம்பியும் வெள்ளை நாணல் பூக்களுக்கு நடுவே ரயிலைப் பார்க்கப் போகும் அந்தக் காட்சியின் ஒரு பகுதி. மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால் பூக்களைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. அது பருவத்தில் மட்டும் பூக்கும் பூ. அடுத்த வருடம் பூக்கும்வரை அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார். வேறு வயலைப் பார்க்கலாம், பூ இல்லாமலே எடுக்கலாம், அந்த வெண்மை இல்லாவிட்டால் என்ன? அவரிடமும் யாரோ கேட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்ன என்று.

படம் இவ்வளவு இழுத்ததில் மூன்று அதிசயங்கள் நடந்தன என்று ரே பிற்பாடு சொன்னார்: தம்பி அப்புவின் குரல் உடையவில்லை, அக்கா துர்கா வளர்ந்துவிடவில்லை, பாட்டி இந்திர் தாக்ரூன் சாகவில்லை. பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு 80 வயது. இதைப் பலரும் நகைச்சுவையாக எடுத்துச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பணம் எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு மனிதர் ஒவ்வொரு மாதமும் இரண்டு குழந்தைகளின் உயரத்தையும் ஒரு மூதாட்டியின் உடல்நிலையையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். படம் திரைக்கு வரும் முன் சுனிபாலா தேவி காலமாகிவிட்டார்.

இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் அமெரிக்க இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா. 1979இல் கான் விழாவில் வியட்நாம் போர்ப் படமான 'அபோகலிப்ஸ் நவ்' பற்றிப் பேசும்போது, எங்களிடம் அளவுக்கு மீறிப் பணமும் கருவிகளும் இருந்தன, கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குப் புத்தி பேதலித்தது என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார். பிலிப்பைன்ஸில் 238 நாள் படப்பிடிப்பு. சூறாவளி செட்டுகளைப் பிய்த்துப் போட்டது. ஆரம்பித்த சில நாட்களிலேயே கதாநாயகனை மாற்றினார், புதிதாக வந்த மார்ட்டின் ஷீனுக்கு 1977 மார்ச்சில் மாரடைப்பு. வாடகைக்கு எடுத்த ராணுவ ஹெலிகாப்டர்கள், நிஜமான கிளர்ச்சியாளர்களோடு சண்டை போட நடுவிலேயே கிளம்பிப் போய்விடும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய மனைவி எலினார் கொப்போலா செய்த வேலை. படப்பிடிப்பு முழுக்க அவர் கேமராவோடு இருந்தார், கணவரோடு தனியாகப் பேசியதையும் ஒலிப்பதிவு செய்து வைத்தார். 1991இல் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னஸ்' ஆவணப்படத்தில் அந்த ஒலிநாடாக்கள் வருகின்றன. நான் எடுத்துக்கொண்டிருப்பது மோசமான படம், இதை ஏன் யாருமே நம்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு மனிதர் கெஞ்சுகிறார். பிற்பாடு பேட்டிகளில் நாம் கேட்கும் குரல் இது கிடையாது. படம் ஜெயித்துவிட்டது என்று தெரிந்த பின் சொல்லும் கஷ்டத்துக்கு ஒரு மெருகு ஏறிவிடுகிறது, நடுவில் இருந்த பயம் அதிலிருந்து வடிந்துபோய்விடுகிறது. அந்த ஒலிநாடாவில் இருப்பவருக்கு முடிவு தெரியாது. படம் எடுக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், அதனால்தான் அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பத்துப் பேட்டிகளைவிடப் பயன்பட்டன. அந்த வேலையைச் செய்த எலினாரின் பெயர் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 'ஃபிட்ஸ்கரால்டோ' படத்துக்காக 320 டன் நீராவிக் கப்பலை நிஜமாகவே மலை மேல் இழுத்தார். மாடல் வைத்து எடுக்க மறுத்தார். 40 சதவீதம் முடிந்தபோது கதாநாயகன் ஜேசன் ரோபார்ட்ஸ் நோய்வாய்ப்பட்டுப் போய்விட, கிளவுஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து எடுத்தார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் படப்பிடிப்பைப் பற்றி லெஸ் பிளாங்க் எடுத்த 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' ஆவணப்படத்தை இந்த முறை மறுபடி பார்த்தபோது என் கண் வேறு இடத்துக்குப் போனது. கப்பலை இழுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வந்த பொறியாளர், இவ்வளவு செங்குத்தான சரிவில் இது ஆபத்து, ஆட்கள் சாகலாம் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகிறார். கயிறுகளுக்குப் பக்கத்தில் சேற்றில் நிற்பவர்கள் அங்கே கூலிக்கு வந்த பழங்குடி மக்கள். அது யாருடைய கனவு, யாருடைய உடம்பு?

'சவால்' என்ற ஒரே வார்த்தைக்குள் மழையையும் மனித உயிரையும் போட்டு மூடிவிடுகிறார்கள். 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தண்டவாளத்தில் இருக்க அனுமதி வாங்காமலே ஒரு ரயில் பாலத்தில் படப்பிடிப்பு நடத்தினார்கள். ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது உதவி ஒளிப்பதிவாளர் இறந்துபோனார். படத்தின் இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2021 அக்டோபர் 21 அன்று 'ரஸ்ட்' படப்பிடிப்பில், ஒத்திகையின்போது துப்பாக்கியிலிருந்து வந்த நிஜத் தோட்டா ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸின் உயிரைக் குடித்தது. எந்த ஷாட்டும் அதற்குத் தகுதியானது இல்லை. இதை எழுதவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் படப்பிடிப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், "ஒரே ஒரு டேக், சீக்கிரம் எடுத்துடலாம்" என்ற குரல் எவ்வளவு சாதாரணமாக வரும் என்று. எங்கள் குறும்படத்திலேயே வந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் நடிகர் ஏறி உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தேன், அவரும் சந்தோஷமாக ஏறத் தயாராக இருந்தார், ஒலிப்பதிவுக்கு வந்த அக்கா மட்டும் "நான் மைக்கைக் கீழே வச்சுடுவேன்" என்றார். வைத்தும்விட்டார். தரையில் உட்கார வைத்து எடுத்தோம். அந்தக் காட்சி நன்றாகவே இருக்கிறது. நன்றாக இல்லாமல் போயிருந்தாலும் அவர் சொன்னதுதான் சரி.

தடையே வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கு பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தா சொன்னது ஒன்று உண்டு. 1970களின் நடுவில், கைக்குழந்தையை விட்டு வெளியே போய்ப் படம் எடுக்க முடியாத நிலை. பாரீஸில் தன் வீட்டிலிருந்தே ஒரு மின்சார ஒயரை இழுத்து, அந்த ஒயர் எட்டும் தூரம் வரைக்கும் உள்ள கடைக்காரர்களை மட்டும் படம் எடுத்தார். அந்த ஒயரை அவர் தொப்புள்கொடி போலப் பார்த்தார். கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் இதே பத்தியில் இயக்குநர் ஜாஃபர் பனாஹியையும் வைக்க வேண்டும். ஈரானில் 2010இல் அவருக்குச் சிறைத் தண்டனையும், 20 வருடம் படம் எடுக்கத் தடையும் விதித்தார்கள். மறு வருடம் தன் வீட்டுக்குள்ளேயே ஒன்றைப் பதிவு செய்தார். எடுக்க முடியாமல் போன திரைக்கதையை நமக்கு விளக்குகிறார். கம்பளத்தின் மேல் டேப் ஒட்டி, இதுதான் அறை, இதுதான் ஜன்னல், இங்கே அந்தப் பெண் இருப்பாள் என்று காட்டிக்கொண்டே போகிறவர் திடீரென்று நிறுத்திவிடுகிறார். வாயால் சொல்லிவிட முடியுமானால் படம் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார். வர்தாவின் ஒயர் அவராக இழுத்தது. பனாஹியின் டேப் மற்றவர்கள் அவரைச் சுற்றிப் போட்ட கோடு. இரண்டையும் 'கட்டுப்பாடு' என்று ஒரே பெயரில் சொல்லி இரண்டிலிருந்தும் ஒரே பாடத்தை எடுப்பது நியாயமில்லை. பனாஹி அதற்குப் பிறகும் விடவில்லை. காருக்குள்ளேயே எடுத்தார், ஒளிந்து எடுத்தார், 2025இல் கான் விழாவின் தங்கப் பனை விருதையும் வாங்கினார். அதற்காக அந்தத் தடை அவருக்கு நல்லது செய்தது என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பேச்சில் இருக்க மாட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே இருந்து வருகிற கஷ்டம். உள்ளே இருந்து வருவதைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா. 'ராஷோமோன்' படப்பிடிப்பு தொடங்கப்போகும் நேரத்தில் மூன்று உதவி இயக்குநர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். திரைக்கதை எங்களுக்குப் புரியவில்லை, விளக்குங்கள் என்கிறார்கள். இன்னொரு முறை கவனமாகப் படித்துப் பாருங்கள் என்று சொல்லியும் அவர்கள் நகரவில்லை. மனிதர்கள் தங்களைப் பற்றித் தங்களிடமே உண்மையாக இருக்க முடியாதவர்கள், மிகைப்படுத்தாமல் தங்களைப் பற்றிப் பேசவே முடியாதவர்கள், அதுதான் இந்தக் கதை என்று அவர் விளக்குகிறார். இரண்டு பேர் சமாதானமாகிறார்கள். மூன்றாமவர் முகம் சிவந்தபடியே போகிறார். கடைசிவரை ஒத்துவரவில்லை, அவரை விலகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று எழுதுகிறார். மழை கேமராவில் தெரிவதற்காகத் தண்ணீரில் கறுப்பு மை கலந்ததையெல்லாம்விட எனக்கு இந்த மூன்றாவது மனிதர்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். பணம் இருக்கிறது, நடிகர்கள் இருக்கிறார்கள், வெயில்கூட இருக்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்கு நீங்கள் என்ன செய்ய முயல்கிறீர்கள் என்றே புரியவில்லை. வாசலில் நின்ற அந்த சாயங்காலம், மகளின் குளோசப் முக்கியம் என்று என் நண்பருக்கு நான் முன்னாடியே புரிய வைத்திருந்தால் அவராவது என்னைத் தடுத்திருப்பார். எனக்கே புரியாததை எப்படிப் புரிய வைப்பது.

குரோசவா தன் சுயசரிதையை 'ராஷோமோன்' காலத்தோடு நிறுத்திக்கொண்டார். தன்னைப் பற்றி அதற்கு மேல் தன்னால் நேர்மையாக எழுத முடியுமா என்ற சந்தேகத்தால், அப்புறம் நான் என்ன ஆனேன் என்பதை என் படங்களின் பாத்திரங்களில் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடிக்கிறார். அதைப் படித்த இரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. பேட்டிகளை நம்பி இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்த எனக்கு, எழுந்து மறுபடி படங்களையே பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் 'பதேர் பாஞ்சாலி'யைத்தான் போட்டேன், ஒரே ஒரு காட்சிக்காக. இனிப்பு விற்பவர் பாத்திரங்களைத் தோளில் சுமந்துகொண்டு போவார், வாங்கக் காசில்லாத அப்புவும் துர்காவும் அவர் பின்னால் ஓடுவார்கள், அவர்கள் பின்னால் ஒரு நாய் ஓடும். அந்த நாய் நடிக்க வந்த நாய் கிடையாது, ஊரில் இருந்த நாய். சும்மா கூப்பிட்டால் வரவில்லை என்று துர்காவின் கையில் இனிப்பை மறைத்து வைத்துப் பின்னால் ஓட வைத்தார்கள் என்று ரே எழுதியிருக்கிறார். பாதி எடுத்ததும் பணம் தீர்ந்துவிட்டது. மாதங்கள் கழித்து மீதியை எடுக்கப் போனபோது நாய் செத்துவிட்டிருந்தது, அதே மாதிரி இன்னொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். இனிப்புக்காரராக நடித்தவரும் இறந்துவிட்டார், உடல்வாகு ஒத்த வேறு ஒருவரை முதுகு மட்டும் தெரியும்படி நடக்க வைத்தார்கள்.

எந்த இடத்தில் ஆள் மாறுகிறார், எந்த இடத்தில் நாய் மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு ஷாட்டில் இனிப்புக்காரர் மூங்கில் தோப்பிலிருந்து முகம் தெரிய வருகிறார், இன்னொன்றில் பக்கத்து வீட்டு வாசலுக்குள் முதுகைக் காட்டியபடி நுழைகிறார். தெரிந்துவிட்டது. அப்புறம் நிறுத்தாமல் ஒரு முறை ஓடவிட்டேன். குழந்தைகள் ஓட ஆரம்பித்ததும் நான் நாயைப் பார்க்க மறந்துபோனேன்.